பழைய ஃபோர்டு மாடல் ஏ காரில் வேறு கார்புரேட்டர் பொருத்தப்பட்டிருக்கிறது. அது எது என்று கண்டுபிடித்துச் சீரமைப்பது எப்படி?

1930ஆம் ஆண்டின் ஃபோர்டு மாடல் ஏ ஒன்றை வாங்கியிருப்பதாகவும், அதில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் கார்புரேட்டர் கம்பெனியுடையது இல்லையென்று சொல்லி, பட்டறையில் ஜீப் கார்புரேட்டரை மாட்டச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவசரப்பட்டுக் கழற்றி எறிய வேண்டாம். ஃபோர்டு 1926இல் இந்தியாவில் கிளை தொடங்கி, சென்னை, மும்பை, கொல்கத்தா ஆகிய ஊர்களில் கார்களைப் பூட்டி விற்று, 1950களில் கடையை மூடிவிட்டது. அதற்குப் பிறகு கையில் கிடைத்ததைப் பொருத்தி ஓட்டிய வண்டிகளே இங்கு அதிகம் என்பதால், வேறு கார்புரேட்டர் இருப்பது குறையாகாது. அது எதுவென்று தெரியாமல் திருப்புளியை எடுப்பதுதான் வீண்வேலை.

மாடல் ஏ காரில் தொடக்கத்தில் வந்தது, காற்று கீழிருந்து மேலே ஏறும் வகையைச் சேர்ந்த ஜெனித் என்ற கார்புரேட்டர். அதன் உடல் வார்ப்பிரும்பு; மேல்பாதியையும் கீழ்பாதியையும் ஒரே ஒரு பெரிய போல்ட் இணைக்கிறது. எனவே முதலில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டாலோ, இரு பாதிகளையும் பல சிறிய திருகுகள் பிடித்திருந்தாலோ அது அசல் ஜெனித் அன்று. மாற்றாகப் பரவலாக விற்றது ஒஹாயோவின் டொலீடோ நகரத்து டில்லட்சன் நிறுவனத்தின் எக்ஸ் மாடல். டிராக்டருக்கென்று செய்த ஜெனித், மார்வெல் ஷெப்லர் வகைகளும் உண்டு. காற்று மேலிருந்து இறங்கும் வகையாக இருந்து, பக்கவாட்டில் 97 என்ற எண் வார்க்கப்பட்டிருந்தால், அது ஃபோர்டு வி8 காருக்கு வந்த ஸ்ட்ராம்பர்க். அந்த எண், காற்று செல்லும் குறுகிய கழுத்தான வெஞ்சுரியின் விட்டம் 0.97 அங்குலம் என்பதைக் குறிக்கிறது. பெயரை மட்டும் நம்பிவிடாதீர்கள். மூடி ஒன்றும் உடல் இன்னொன்றுமாகச் சேர்த்துக் கட்டியவை நிறைய இருப்பதால், வார்ப்பு எண், வெஞ்சுரி விட்டம், அடித்தட்டுத் துளைகளின் இடைவெளி ஆகிய மூன்றையும் வெர்னியர் அளவுகோலால் அளந்து குறித்துக்கொண்ட பிறகே கேஸ்கெட் கிட் (இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் அட்டைகளின் தொகுப்பு) வாங்குங்கள்.

அடையாளம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஒவ்வொன்றின் உள்வேலையும் வேறு. பிரான்சின் லியோன் நகரில் ஜெனித்துக்காக பாவெரி என்ற பொறியாளர் வகுத்த முறையில், இன்ஜின் வேகம் கூடக்கூட மெயின் ஜெட் (பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளையுள்ள பாகம்) பெட்ரோலை அதிகமாகத் தரும். கார்புரேட்டருக்குள் காற்றுக்குத் திறந்த சிறு கிணற்றில் ஊற்றும் இன்னொரு ஜெட்டோ எந்த வேகத்திலும் ஒரே அளவே தரும். ஒன்றின் மிகுதியை மற்றதன் குறை சரிக்கட்டுவதால்தான் கலவை சீராக நிற்கிறது. இந்த ஜெட்களில் ஒன்றைக் கம்பியால் குத்திப் பெரிதாக்கிவிட்டால் கணக்கு முழுவதும் குலைந்துபோகும். மைலேஜ் குறைகிறது என்று வரும் பழைய கார்புரேட்டர்களில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். துளையைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. மூன்றடி உயரத்தில் நிலையாக நிறுத்திய நீரின் அழுத்தத்தில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வடிகிறது என்று அளந்து பார்க்க வேண்டும்.

கழுவுவதற்குக் காஸ்டிக் சோடா வேண்டாம். துத்தநாகக் கலப்பு உடலையும் அலுமினியத்தையும் அது அரித்துவிடும். துத்தநாக உடல் உப்பி, முடி போன்ற விரிசல்கள் விட்டிருந்தால் அதற்கு வைத்தியம் கிடையாது, வேறொன்று தேடுங்கள். பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையான பித்தளைப் புளோட்டைச் சுடுநீரில் அமிழ்த்துங்கள். குமிழி வந்தால் ஓட்டை இருக்கிறது. உள்ளே இருக்கும் பெட்ரோலை முழுவதும் வடித்த பின்னரே ஈயம் பற்றவைக்க வேண்டும், அதையும் மிகக் குறைவாக வைக்க வேண்டும், ஏனெனில் அந்த எடையே பெட்ரோல் மட்டத்தை உயர்த்திவிடும். மிகப் பழைய சில கார்புரேட்டர்களில் அரக்குப் பூசிய தக்கைப் புளோட் இருக்கும். அரக்கு எத்தனாலில் கரையும் என்பதால் 20 சதவீதம் எத்தனால் கலந்த இன்றைய இ20 பெட்ரோலில் அது நிலைக்காது.

மட்டம் பார்ப்பதற்குக் கொத்தனார் தண்ணீர்க் குழாய் பிடிப்பதைப் போல, கீழே உள்ள வடிகால் துளையில் ஒளி ஊடுருவும் குழாயைச் செருகி, மேலே தூக்கிப் பிடியுங்கள். அசல் ஜெனித்தில் பெட்ரோல், கீழ்பாதியின் விளிம்புக்கு 5/8 அங்குலம், அதாவது சுமார் 16 மில்லிமீட்டர் கீழே நிற்க வேண்டும். பெட்ரோல் வரத்தைத் திறந்து மூடும் நீடில் வால்வின் இருக்கைக்குக் கீழே வைக்கும் வாஷர்களைக் கூட்டியோ குறைத்தோ அதைச் சரிசெய்யலாம். மற்ற வகைகளுக்கு இந்த அளவைப் போடக் கூடாது.

திராட்டில் ஸ்பிண்டில் (ஆக்சிலரேட்டரால் திறக்கும் தட்டைத் தாங்கும் அச்சு) ஆடினால் மற்ற வேலைகளெல்லாம் வீண். இன்ஜின் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல், ஓடும்போது ஸ்பிண்டிலின் இரு முனைகளிலும் சிறிது தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். சத்தம் மாறினால் அந்த வழியாகக் காற்று புகுகிறது. சூடான எக்ஸாஸ்ட் குழாய் பக்கத்திலேயே இருந்து தீப்பிடிக்கக்கூடும் என்பதால் இந்தச் சோதனைக்குக் கிளீனர் ஸ்பிரேயைத் தொடவே வேண்டாம். லேத்தில் துளையைப் பெரிதாக்கி வெண்கல புஷ் (உள்வளையம்) அடிப்பதே நிரந்தரமான வழி. பெட்ரோல் குழாய் இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்றுவதும் கூடாது. அதன் துணுக்குகள் நேராக ஜெட்டில் போய் உட்காரும்.

பொருத்திய பிறகு டாங்க் குழாயைத் திறந்து, ஸ்டார்ட் செய்யாமலே சிறிது நேரம் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, டேஷ்போர்டுக் கம்பியால் திருகும் கலவை வால்வைக் கால் சுற்று மட்டும் திறந்து வைத்துக்கொண்டு ஐடில் திருகைச் சரிசெய்யுங்கள். ஜெனித்தில் அந்தத் திருகு காற்றைக் கட்டுப்படுத்துவதால், உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும். உங்களுடையதில் அது பெட்ரோலைக் கட்டுப்படுத்தும் வகையாக இருந்தால் விளைவு நேர்மாறாக இருக்கும்.