தோட்டா தவறா, துப்பாக்கி தவறா? வெடித்த பிறகு கம்பெனியிடம் பேசுவது எப்படி: கேள்வி பதில்

டெக்சாஸில் துப்பாக்கி பழுதுபார்க்கும் பட்டறையில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். வார இறுதியில் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் பாதுகாப்பு அலுவலராக நிற்பேன். இலக்குச் சுடுதலுக்கும் மான் வேட்டைக்கும் போகும் தமிழர்கள் இங்கே நிறையப் பேர். போன மாதம் ஒரு நண்பரின் துப்பாக்கி கையிலேயே வெடித்த செய்தி பரவியதும் கேள்விகள் வந்து குவிந்தன. முக்கியமானவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (டாலஸ்): அண்ணா, அந்த ஆள் நான்தான். கடையில் வாங்கிய புதுப் பெட்டி 9 மி.மீ. தோட்டா. பத்தாவது ரவுண்டில் காது அடைக்கிற சத்தம், தோட்டா அடுக்கும் மேகசின் கீழே தெறித்தது, பிடியில் விரிசல். கையில் எரிச்சல் மட்டும்தான். முதலில் யாரைக் கூப்பிடுவது?

பதில்: தம்பி, விரல்கள் முழுதாக இருக்கின்றன என்று கேட்டபோதுதான் எனக்கு மூச்சே வந்தது. கண்ணாடி போட்டிருந்தாலும் கண்ணை டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். பித்தளைத் துகள் மிகச் சிறியது, அன்றைக்குத் தெரியாது.

கம்பெனியைக் கூப்பிடுவது அப்புறம். முதலில் வெடித்த தோட்டாவின் பித்தளைக் கூடு எங்கே என்று பாருங்கள். அது சேம்பரிலேயே, அதாவது சுடும்போது தோட்டா உட்காரும் அறையிலேயே, ஒட்டிக்கொண்டிருந்தால் குச்சி விட்டுக் குத்தி எடுக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும். துப்பாக்கியைச் சுத்தம் செய்யாதீர்கள், எண்ணெய் போடாதீர்கள், விரிசலை அழுத்திப் பொருத்திப் பார்க்காதீர்கள். தெறித்த துண்டுகளை ஒரு பையில் போடுங்கள். மீதித் தோட்டாக்கள் அவை வந்த பெட்டியிலேயே இருக்க வேண்டும். பெட்டியின் மடிப்பில் லாட் நம்பர், அதாவது ஒன்றாகத் தயாரித்த தொகுதியின் எண், அச்சாகியிருக்கும். தோட்டாக் கம்பெனிக்கு அந்த நம்பர்தான் எல்லாம். எந்த நாளில், எந்த மெஷினில், எந்த வெடிமருந்து போட்டு அடைத்தார்கள் என்று தேடுவதற்கு அதுதான் நூல்முனை. நம்மில் பலர் வாங்கியதுமே எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் கொட்டிவிட்டு அட்டைப் பெட்டியைக் குப்பையில் போடுகிறோம். இனி அதைச் செய்யாதீர்கள்.

பிறகு போட்டோ. நல்ல வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுங்கள். கூட்டின் அடிப்பக்கம், அதன் நடுவில் ஊசி தட்டும் பிரைமர், குண்டு போகும் குழலான பேரலின் இரண்டு முனை, பெட்டி, பில் என்று ஒன்றையும் விடாதீர்கள். எல்லாம் முடிந்தபின் துப்பாக்கிக் கம்பெனி, தோட்டாக் கம்பெனி இரண்டுக்கும் ஒரே நாளில் மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் மட்டும் பேசினால் நாளைக்குக் காட்ட ஒன்றும் இருக்காது.

கேள்வி (ஆஸ்டின்): சார், எனக்கு நடந்தது போன வருடம். துப்பாக்கிக் கம்பெனி "தோட்டாவில் கோளாறு" என்கிறது. தோட்டாக் கம்பெனி "உங்கள் துப்பாக்கி சரியாக மூடாமலே சுட்டிருக்கிறது" என்கிறது. நான் எங்கே போவது?

பதில்: இந்தப் பந்தாட்டம் பெரும்பாலும் எல்லோருக்கும் நடக்கிறது. ஆனால் உலோகம் சாட்சி சொல்லும். அதைப் படிக்கத் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

சென்ற வருடம் என் மேசைக்கு ஒரு பித்தளைக் கூடு வந்தது. அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே, விளிம்பெல்லாம் வெளிப்பக்கம் மடிந்து, நகக்கண் அளவுக்கு ஓர் ஓட்டை. பிரைமர் தட்டையாகிக் குழிக்குள் தளதளவென ஆடியது. அடியில் பொறித்திருந்த எழுத்துகள் பாதி அழுந்தி மழுங்கிவிட்டன. குழி விரிவதும் எழுத்து மழுங்குவதும் அளவுக்கு மீறிய அழுத்தத்தின் அடையாளம். ஸ்லைடு (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) முழுதாக மூடாத நிலையில் வெடித்தால் வேறு மாதிரி இருக்கும். சேம்பரின் சுவர் தாங்காத பின்பகுதியில் கூடு கிழியும், ஊசி பட்ட தழும்பு நடுவிலிருந்து விலகியிருக்கும், பேரலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மூன்றாவது ஒன்று உண்டு. பேரலின் நடுவில் மோதிரம் போல ஒரு வீக்கம் தெரிந்தால், முந்தைய குண்டு உள்ளேயே நின்றிருக்கிறது, அடுத்தது அதன்மேல் போய் மோதியிருக்கிறது.

அமெரிக்காவில் இந்த அளவுகளை வகுப்பது எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. என்ற தொழில்துறை அமைப்பு, 1926-ல் தொடங்கியது. 9 மி.மீ. தோட்டாவுக்கு அது வைத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. ஒரு தோட்டாவில் போடும் மருந்து ஐந்து கிரெயின் என்று வையுங்கள். ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு. பல மருந்துகளில் தவறி இரட்டை அளவு விழுந்தாலும் கூட்டுக்குள் அடங்கிவிடும், வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: துப்பாக்கிக் கம்பெனியிடம் பரிசோதனை முடிவை எழுத்தில் கேளுங்கள். "தோட்டாவின் அதிக அழுத்தத்தால் சேதம்" என்று ஒரே வரி இருந்தாலும் போதும். அதைத் தோட்டாக் கம்பெனிக்கு அனுப்புங்கள். பல இடங்களில் அதற்குப் பிறகுதான் அவர்கள் அந்த லாட்டிலிருந்து எடுத்து வைத்த மாதிரிகளைச் சுட்டு அழுத்தம் அளப்பார்கள், குண்டைக் கழற்றி மருந்தை எடை போடுவார்கள். தவறு தங்களுடையது என்று தெரிந்தால் துப்பாக்கிக்கான விலையையும் கொடுக்கிறார்கள். அப்படிக் கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

கேள்வி (சான் ஆன்டோனியோ): மீதித் தோட்டா முழுவதையும் அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பலாமா?

பதில்: முழுவதையும் வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒருவர் வெடித்த கூடு, மீதித் தோட்டா, பெட்டி எல்லாவற்றையும் மொத்தமாக அனுப்பிவிட்டார். ஆறு வாரம் கழித்து "எல்லாம் வரையறைக்குள் உள்ளன" என்று நாலு வரிக் கடிதம் வந்தது. மறுத்துப் பேச அவர் கையில் ஒரு தோட்டா கூட இல்லை. எனக்கு இன்றும் அது ஆறவில்லை. பாதியை அனுப்புங்கள், பாதியை வைத்துக்கொள்ளுங்கள். வெடித்த கூட்டை முதலில் துப்பாக்கியோடு சேர்த்து யாராவது ஒரு நல்ல கன்ஸ்மித் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) பார்த்து எழுதித் தரட்டும்.

அப்புறம் ஒன்று. துப்பாக்கியையும் தோட்டாவையும் ஒரே பெட்டியில் வைத்து அனுப்பாதீர்கள். அரசுத் தபாலில் தோட்டா அனுப்பவே கூடாது. தனியார் கூரியரிலும் தரைவழியாகத்தான் போக வேண்டும், அதற்கென முத்திரை உண்டு. கம்பெனியிடமே லேபிள் கேட்டு வாங்குங்கள், நாமாக ஒட்டி அனுப்பிச் சிக்கலில் மாட்ட வேண்டாம்.

கேள்வி (ஹூஸ்டன்): துப்பாக்கியை அனுப்ப டீலர் வழியாகத்தான் போக வேண்டுமா?

பதில்: பழுதுபார்க்க உரிமம் பெற்ற தயாரிப்பாளருக்கு நேரடியாக அனுப்பக் கூட்டாட்சிச் சட்டம் இடம் தருகிறது, பழுதுபார்த்ததை உங்கள் வீட்டுக்கே திருப்பி அனுப்பவும் செய்யலாம். பழையதுக்குப் பதில் வேறு சீரியல் நம்பரில் புதுத் துப்பாக்கி தரும்போது பல கம்பெனிகள் டீலருக்குத்தான் அனுப்புகின்றன. அங்கே 4473 படிவம், அதாவது துப்பாக்கி வாங்குபவர் தன் விவரம் எழுதித் தரும் கூட்டாட்சிப் படிவம், நிரப்ப வேண்டியிருக்கும்.

கேள்வி (ஃபோர்ட் வொர்த்): கண்காட்சியில் ஜிப் பையில் விற்ற ரீலோடு தோட்டா (சுட்ட கூட்டில் மறுபடி மருந்து அடைத்தது) வாங்கிச் சுட்டேன். பேரல் வீங்கிவிட்டது. வாரன்டி கிடைக்குமா?

பதில்: கிடைக்காது, தம்பி. உங்கள் துப்பாக்கியின் கையேட்டை எடுத்துப் பாருங்கள். ரீலோடு போட்டால் வாரன்டி செல்லாது என்று பெரும்பாலான கம்பெனிகள் அச்சடித்தே தருகின்றன. இதை மறைத்து "புதுத் தோட்டா" என்று எழுத நினைக்காதீர்கள். கூட்டை ஏற்கெனவே ஒருமுறை சுட்ட தழும்பு அவர்களுக்குத் தெரியும். உள்ளதைச் சொன்னால் பாதி விலையில் புதுப் பேரல் தரும் கம்பெனிகளும் உண்டு.

கேள்வி (ஒரு சகோதரி, பெயர் வேண்டாம் என்றார்): என் கணவரின் வலது கை கிழிந்து இரண்டு அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. கம்பெனியிலிருந்து அன்பாகப் பேசி, புதுத் துப்பாக்கியும் கொஞ்சம் பணமும் தருகிறோம், ஒரு தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள்.

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள் அம்மா. அந்தத் தாள் பெரும்பாலும் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற விடுவிப்புப் பத்திரம். கை எவ்வளவு தேறும் என்று டாக்டருக்கே இன்னும் தெரியாது. அதற்குள் விலை பேசுவது நியாயமில்லை. துப்பாக்கியையும் அனுப்பாதீர்கள், வக்கீலிடம் போகும்வரை உங்களிடமே இருக்கட்டும்.

"துப்பாக்கிக் கம்பெனி மேல் வழக்கே போட முடியாதாமே" என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். 2005-ல் வந்த பாதுகாப்புச் சட்டம் முக்கியமாக, பிறர் துப்பாக்கியைக் குற்றத்துக்குப் பயன்படுத்தியதற்காகத் தயாரிப்பாளர் மேல் போடும் வழக்குகளைத் தடுக்கிறது. ஒழுங்காகப் பயன்படுத்தும்போது தயாரிப்புக் குறையால் காயம் பட்டால் அதற்கு அந்தச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. ஆனால் டெக்சாஸில் உடல் காயத்துக்கு வழக்குப் போட இரண்டு வருடம்தான் கெடு. சிகிச்சை முடியட்டும் என்று காத்திருந்து அதைத் தவற விட்டுவிடாதீர்கள்.

கேள்வி (டாலஸ்): அரசாங்கத்திடம் புகார் கொடுத்தால் அந்த லாட்டைத் திரும்பப் பெற வைக்க மாட்டார்களா?

பதில்: மிக்ஸி கெட்டால் திரும்பப் பெற உத்தரவிடும் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குத் துப்பாக்கி மேல் அதிகாரம் கிடையாது. அதற்கு வழி செய்த 1972 சட்டமே துப்பாக்கியை வெளியே வைத்துவிட்டது. தோட்டாவும் அப்படித்தான் என்று 1976-ல் எழுதியே உறுதிசெய்தார்கள். அதனால் இங்கே நடக்கும் ரீகால் எல்லாம் கம்பெனியே முன்வந்து செய்வது. வின்செஸ்டர் கம்பெனியின் .22 தோட்டாவில் சில லாட்டுகளில் இரட்டை மருந்து விழுந்திருக்கலாம் என்று அவர்களே அறிவித்துத் திரும்பப் பெற்றார்கள். சுட்டவர்கள் லாட் நம்பரோடு எழுதினால்தான் கம்பெனிக்கு இப்படிப்பட்ட கோளாறு தெரிய வரும். கையில் அடிபடவில்லை, போனால் போகட்டும் என்று விட்டுவிடாதீர்கள். அதே லாட் இன்னொருவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

கேள்வி (பிளேனோ): அக்காவின் மகன் புதிதாகச் சுடப் பழகுகிறான். வெடிப்பதற்கு முன்பே ஏதாவது தெரியுமா?

பதில்: சில சமயம் தெரியும். வழக்கமான "டமார்" இல்லாமல் "பட்" என்று சன்னமாகச் சத்தம் வந்து, கையில் உதைப்பே இல்லையென்றால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். குண்டு பேரலுக்குள் நின்றிருக்கலாம். போன கோடையில் பக்கத்து வரிசையில் ஒரு பையன் அப்படி ஒரு "பட்" கேட்டதும், தோட்டா ஏறவில்லை என்று நினைத்து ஸ்லைடை இழுத்தான். நான் கத்தியபடியே ஓடிப் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். கழற்றிப் பார்த்தால் பேரலின் பாதியில் குண்டு உட்கார்ந்திருந்தது.

தினமும் ஒரே தோட்டாவை ஏற்றி இறக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் குண்டு கூட்டுக்குள் கொஞ்சம் அமுங்கும், உள்ளே இடம் குறைய அழுத்தம் ஏறும். புதுத் தோட்டா ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தி உயரம் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். குட்டையாகிவிட்டதை ரேஞ்சில் கழிவுத் தோட்டா போடும் பெட்டியில் போட்டுவிடட்டும்.