இரவு ஷிப்டுக்கு எந்த லைட்டிங் டவர்? குவாரி, சுரங்கக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

இழுத்துச் செல்லும் லைட்டிங் டவரை வாங்குவது, வாடகைக்கு எடுப்பது, ஓட்டுவது பற்றி வந்த கேள்விகள் இவை. கணக்கு வரும் இடங்களில் டீசல் லிட்டர் 92 ரூபாய் என்றும், ஒரு இரவு 11 மணி நேரம் என்றும், மாதம் 26 இரவு என்றும் வைத்திருக்கிறேன். உங்கள் எண்ணைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

அரியலூர், சுண்ணாம்புக்கல் சுரங்க மேற்பார்வையாளர்: சார், ஒரு எக்ஸ்கவேட்டர், நாலு டிப்பர் ஓடுற இடம். 50க்கு 60 மீட்டர். "நாலாயிரம் வாட் டவர் ஒண்ணு போதும்"னு விற்கிறவர் சொல்றார். போதுமா?

வாட் என்பது விளக்கு தின்னும் கரண்ட். தரையில் விழும் வெளிச்சத்தை அது சொல்லாது. லுமன் (விளக்கு வெளியிடும் மொத்த வெளிச்சம்) எவ்வளவு, அதில் எவ்வளவு உங்கள் இடத்தில் விழுகிறது என்று கேளுங்கள்.

350 வாட் எல்.இ.டி. நாலு மாட்டிய டவர் என்று எடுத்துக்கொள்வோம். வாட்டுக்கு 130 லுமன் என்றால் மொத்தம் 1,82,000 லுமன். இதில் பத்துக்கு நாலு பங்குதான் வேலை இடத்தில் விழும். மீதி வானத்துக்கும் பக்கத்துக் காட்டுக்கும் போகிறது. கண்ணாடியில் படியும் தூசிக்கு இன்னும் ஐந்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். 1,82,000 × 0.4 × 0.8 = சுமார் 58,000. அதை 3,000 சதுர மீட்டரால் வகுத்தால் சராசரி 19 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லுமன்). கனரக இயந்திரம் வேலை செய்யும் இடத்துக்கு டி.ஜி.எம்.எஸ். (மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம்) கேட்பது கிடைமட்டத்தில் 5 லக்ஸ், செங்குத்தில் 10 லக்ஸ். காகிதத்தில் ஒரே டவர் தாராளம்.

ஆனால் சராசரி ஏமாற்றும். டவர் காலடியில் 100 லக்ஸ் இருக்கும், எதிர் மூலையில் 2 லக்ஸ் இருக்கும். எக்ஸ்கவேட்டர் திரும்பும்போது அதன் பூம் (நீண்ட கை) நிழல் டிப்பர் தொட்டியின் மேலேயே விழும், ஆபரேட்டர் பக்கெட்டை எங்கே கொட்டுகிறார் என்று அவருக்கே தெரியாது. அதனால் ஒரு பெரிய டவருக்குப் பதில் இரண்டு சின்ன டவர் எடுங்கள். எதிரெதிர்ப் பக்கத்தில் நிறுத்தி, வெளிச்சம் வேலை முகப்பில் ஒன்றையொன்று வெட்டும்படி திருப்புங்கள். ஒன்று நின்றுபோனாலும் முழு இருட்டாகாது. அதுவே தனி லாபம்.

நிறுத்தியபின் லக்ஸ் மீட்டரோடு 10 மீட்டருக்கு ஒரு புள்ளி என்று நடந்து அளந்துவிடுங்கள். உங்கள் இடத்துக்கு 42 புள்ளி வரும், அரை மணி நேர வேலை. மிக இருட்டான புள்ளி சராசரியில் கால் பங்குக்குக் கீழே போனால் டவரை நகர்த்துங்கள். செங்குத்து அளவுக்கு மீட்டரின் கண்ணைத் தரையைப் போல் படுக்க வைக்காமல் சுவரைப் போல் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். பலர் இதைச் செய்வதே இல்லை. பாறை முகப்பில் விரிசல் தெரிவது இந்த அளவைப் பொறுத்துத்தான்.

கிருஷ்ணகிரி, கிரானைட் குவாரி: மெட்டல் ஹாலைடு டவர் செகண்ட் ஹேண்டில் பாதி விலைக்கு வருது. எடுக்கலாமா?

மாதம் நாலைந்து இரவு மட்டும் வேலை என்றால் எடுக்கலாம். தினமும் ஓடுமென்றால் வேண்டாம்.

ஆயிரம் வாட் மெட்டல் ஹாலைடு (வாயு நிரப்பிய பழைய வகை பல்பு) நாலு உள்ள டவர் மணிக்குச் சுமார் 1.8 லிட்டர் குடிக்கும். சின்ன இன்ஜின் வைத்த எல்.இ.டி. டவர் 0.6 லிட்டர். மணிக்கு 1.2 லிட்டர் வித்தியாசம், மாதத்துக்கு 343 லிட்டர், சுமார் 31,500 ரூபாய். "பாதி விலை" என்று மிச்சம் பிடித்தது எத்தனை மாதத்தில் டீசலாகப் போகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

காசைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. மெட்டல் ஹாலைடு ஒரு நொடி அணைந்தாலும் உடனே எரியாது. சூடு ஆறி மறுபடி பிடிக்க 10 முதல் 15 நிமிடம் ஆகும், முழு வெளிச்சத்துக்கு இன்னும் சில நிமிடம். டீசல் தீர்ந்து இன்ஜின் நின்றால் டிப்பர் எல்லாம் அத்தனை நேரம் இருட்டில் நிற்கும். அதோடு, குண்டு குழியில் டிரெய்லரை இழுக்கும்போது முதலில் போவது அந்தப் பல்புதான்.

எடுப்பதாகவே இருந்தால்: இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். அங்கிருந்து புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. மாஸ்ட்டை (விளக்குக் கம்பத்தை) முழு உயரத்துக்கு ஏற்றி 10 நிமிடம் நிற்கவிட்டு, தானாக இறங்குகிறதா என்று பாருங்கள். பல்பு புதியதா என்றும் கேளுங்கள், பழைய பல்பு எரியும், ஆனால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும்.

கரூர், கல் குவாரி மெக்கானிக்: பழைய டவர்ல மெட்டல் ஹாலைடைக் கழற்றிட்டு எல்.இ.டி. மாட்டினோம். டீசல் குறைஞ்சது. ஆறு மாசத்துல சைலன்சர்ல இருந்து கறுப்பா எண்ணெய் மாதிரி ஒழுகுது. ரிங் போச்சா?

இன்னும் போகாமல் இருக்கலாம், ஆனால் போகும் வழியில் இருக்கிறது. உங்கள் ஆல்டர்னேட்டர் (கரண்ட் உண்டாக்கும் பாகம்) 8 கே.வி.ஏ. என்றால், 0.8-ஆல் பெருக்கி 6.4 கிலோவாட். எல்.இ.டி. இழுப்பது 1.2 கிலோவாட், அதாவது 19 சதவீதம். டீசல் இன்ஜின் 30 சதவீதத்துக்குக் கீழே நாள்கணக்கில் ஓடினால் சிலிண்டர் போதுமான சூடு ஏறாது. டீசல் முழுதாக எரியாமல் கரியோடு கலந்து எக்ஸாஸ்டில் தங்கும். நீங்கள் பார்ப்பது அந்தக் குழம்பைத்தான். இப்படியே விட்டால் லைனர் (சிலிண்டரின் உள்) சுவர் கண்ணாடி போல் வழவழப்பாகிவிடும், பிறகு ரிங் எண்ணெயை வழிக்காது. அப்போது லைனரை ஹோனிங் செய்தாக (தீட்டிச் சொரசொரப்பாக்க) வேண்டும்.

இப்போதைக்கு: நாலு ஒரு கிலோவாட் ஹீட்டர் காயிலை வாங்குங்கள். ஒன்றொன்றாக ஆன் செய்து விளக்கோடு சேர்த்து லோடைச் சுமார் 80 சதவீதத்துக்கு ஏற்றி இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள். முதலில் புகை அதிகமாக வரும், பிறகு தெளியும். காய்ந்த புல், டீசல் கேன் பக்கத்தில் இதைச் செய்யாதீர்கள், சைலன்சரில் இருக்கும் கரி தீப்பிடிக்கும். தெளிந்தால் தப்பித்தீர்கள், 100 மணி நேரத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும். தெளியாமல் நீலப்புகையே தொடர்ந்தால் இன்ஜினைத் திறக்க வேண்டியதுதான்.

நிரந்தரத் தீர்வு அந்த டவரிலேயே வேலை இருக்கும்படி செய்வது. குழியில் தண்ணீர் இறைக்கும் 2 எச்.பி. மோட்டாரை அதே ஜென்செட்டில் (டவரின் இன்ஜினும் ஆல்டர்னேட்டரும்) போடலாம். மோட்டாரை முதலில் ஸ்டார்ட் செய்துவிட்டு விளக்கைப் போடுங்கள். ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் விழுந்து எழும், அந்தக் குலுக்கலில்தான் எல்.இ.டி. டிரைவர் (விளக்குக்குப் போகும் கரண்ட்டைச் சீராக்கும் சர்க்யூட்) எரிகிறது. சர்ஜ் புரொடெக்டர் ஒன்றும் மாட்டிவிடுங்கள்.

நெய்வேலிப் பக்கம், டிப்பர் கான்ட்ராக்டர்: டிரைவர்கள் எல்லாரும் "லைட் கண்ணைக் குத்துது, ரோடே தெரியல"ங்கிறாங்க. வாட் குறைஞ்ச டவர் மாத்தணுமா?

மாற்ற வேண்டாம், திருப்பினால் போதும். தூரத்துக்கும் அடிக்கட்டும் என்று விளக்கை நிமிர்த்தி வைத்திருப்பார்கள். 9 மீட்டர் மாஸ்ட் என்றால் விளக்கின் நடு ஒளி, டவர் காலிலிருந்து 18 முதல் 20 மீட்டரில் தரையைத் தொட வேண்டும். அதாவது உயரத்தைப் போல் இரண்டு மடங்கு. அதற்கு மேல் போனால் ஒளி தரைக்குப் போகாமல் கண்ணுக்குப் போகும். 40 மீட்டர் தள்ளி வெளிச்சம் வேண்டுமென்றால் டவரை நகர்த்துங்கள், விளக்கை நிமிர்த்தாதீர்கள்.

அடுத்தது நிறுத்தும் இடம். ஒளி டிரைவர் பார்க்கும் திசையிலேயே போக வேண்டும், அவருக்கு எதிரே வரக்கூடாது. ஒருவழி ஹால் ரோட்டில் (டிப்பர் ஓடும் சுரங்கச் சாலையில்) இது எளிது. இருவழியில் சாலைக்குக் குறுக்காக அடியுங்கள். வளைவில் வண்டி நுழையும்போது நேர் எதிரே டவர் நிற்கக் கூடாது.

அதிகம் தவறு நடப்பது கொட்டும் இடத்தில். டவரைக் கொட்டும் விளிம்பில் நிறுத்தி வண்டியைப் பார்த்து அடிப்பார்கள். ரிவர்ஸில் வரும் டிரைவர் பார்ப்பது வலது பக்கக் கண்ணாடியை. அதில் நேராக விளக்கு தெரிந்தால் விளிம்பு மண் வரப்பும் தெரியாது, கை காட்டுகிற ஆளும் தெரியமாட்டார். டவரை வண்டிக்கு முன்பக்கம், டிரைவர் பக்கமாகத் தள்ளி நிறுத்தி, விளிம்பைப் பார்த்து அடியுங்கள். அப்போது வரப்பும் தெரியும், ஆளின் ஒளிரும் சட்டையும் பளிச்சென்று தெரியும்.

தூசி, பனி அதிகமுள்ள இடத்தில் 6500 கெல்வின் நீல வெள்ளையை விட 4000 கெல்வின் நல்லது. பூச்சியும் குறைவாக வரும்.

ஆரல்வாய்மொழி, காற்றாலைப் பணியிடம்: ஆடிக் காற்றுல டவர் நிக்குமா?

எந்தக் காற்றுக்கு என்று தயாரிப்பாளர் தாளில் பாருங்கள். பெரும்பாலும் மணிக்கு 80 முதல் 110 கி.மீ. வரை போட்டிருப்பார்கள். அது டவரைத் தாங்கும் நாலு ஜாக் காலும் முழுதாக நீட்டி, குமிழி மட்டம் நடுவில் இருக்கும் நிலைக்கான எண். ஜாக் காலை இழுக்க இடமில்லை என்று ஒரு பக்கம் பாதியில் விட்டால் அந்த எண் உங்களுக்குப் பொருந்தாது. காற்று 40-லிருந்து 60-க்கு ஏறினால் தள்ளும் விசை ஒன்றரை மடங்கல்ல, 2.25 மடங்கு. ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீச்சு திடீரென்று எழும். அதனால் தாளில் உள்ள எண்ணில் பாதியைத் தொட்டதுமே மாஸ்ட்டை இறக்கிவிடுங்கள். ஜாக் காலுக்கு அடியில் ஒரு அடி சதுர மரப்பலகையோ இரும்புத் தகடோ போடுங்கள். மழைக்குப் பின் ஒரு கால் இரண்டு விரற்கடை புதைந்தாலே மேலே விளக்கு நன்றாகச் சாய்ந்திருக்கும்.

மாஸ்ட்டை ஏற்றி இறக்கும் வின்ச் ரோப்பில் ஒரு இழை அறுந்து முள்ளாக நின்றாலும் மாற்றிவிடுங்கள். முழு உயரத்தில் லாக் பின் போட்டபிறகு ரோப்பில் பாரம் இருக்கக் கூடாது. மாஸ்ட் ஏறிய நிலையில் டவரை இழுக்கவே கூடாது, பத்தடி என்றாலும் சரி. மேலே மின்கம்பி போகிறதா என்று பகலிலேயே பார்த்துவிடுங்கள். மாஸ்ட் எந்தப் பக்கம் விழுந்தாலும் கம்பியைத் தொடாத தூரம் வேண்டும். 9 மீட்டர் மாஸ்ட்டுக்கு 15 மீட்டர் விடுங்கள்.

தூத்துக்குடி, உப்பளம்: காவலுக்கும் லோடு ஏத்தவும்தான். சோலார் டவர் சரிப்படுமா?

இதற்குச் சரிப்படும். குவாரி முகப்புக்குச் சரிப்படாது. 100 வாட் விளக்கு நாலு, 11 மணி நேரம் என்றால் 4.4 யூனிட். வயர், டிரைவர் இழப்போடு 4.8. இரண்டு இரவு தாங்க வேண்டுமென்றால் லித்தியம் பாஸ்பேட் பேட்டரி (80 சதவீதம் எடுக்கலாம் என்று வைத்து) 12 யூனிட், அதாவது 48 வோல்ட் 250 ஆம்பியர் மணி. லெட் ஆசிட் என்றால் பாதிதான் எடுக்கலாம் என்பதால் 400 ஆம்பியர் மணி ஆகும், எடை அரை டன்னைத் தாண்டும். பேனல் 400 வாட் நாலு. ஐப்பசி, கார்த்திகையில் தொடர்ந்து மூடாக்கு போட்டால் மூன்றாம் இரவு அணையும். ஆகவே ஜென்செட்டிலிருந்து சார்ஜ் ஏற்ற ஒரு இன்லெட் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். உப்புக் காற்றுக்குப் பெயின்ட் அடித்த மாஸ்ட் வேண்டாம், ஹாட் டிப் கால்வனைஸ் செய்ததாக (உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்ததாக) பாருங்கள்.

சேலம், எலக்ட்ரீஷியன்: டவர்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கு, டெஸ்ட் பட்டன் அமுக்கினா ட்ரிப் ஆகுது. எர்த் ராடு அவசியமா?

அவசியம். ஆர்.சி.சி.பி. என்பது கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச். அந்த பட்டனை நம்பாதீர்கள். பட்டன் ஆர்.சி.சி.பி.க்கு உள்ளேயே பேஸையும் நியூட்ரலையும் வைத்துச் சோதிக்கிறது, எர்த் இல்லாவிட்டாலும் ட்ரிப் ஆகும். ஜென்செட்டில் நியூட்ரலை எர்த்தோடு இணைக்காமல் மிதக்க விட்டிருந்தால், பேஸ் பாடியில் பட்டாலும் கரண்ட் திரும்ப வழியில்லாமல் ஆர்.சி.சி.பி. பேசாமல் இருக்கும். ஆல்டர்னேட்டர் டெர்மினலில், ஆர்.சி.சி.பி.க்கு முன்னால், நியூட்ரல்–எர்த் லிங்க் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். ஆர்.சி.சி.பி. டெஸ்டரால் பேஸுக்கும் பாடிக்கும் நடுவே சோதியுங்கள். பாறையில் ராடு இறங்காத இடத்தில் ஈரமண் உள்ள பக்கத்துக்கு செம்பு ஒயரை இழுத்துக்கொண்டு போய் அடியுங்கள்.

கிரஷர் யூனிட், பல்லடம்: ஏர் ஃபில்டர் வாரம் ஒண்ணு போகுது.

டவரை கிரஷரிலிருந்து காற்று போகும் திசையில் நிறுத்தியிருப்பீர்கள், எதிர்ப்பக்கம் மாற்றுங்கள். ஃபில்டர் கூட்டின் அடியில் உள்ள ரப்பர் வாயை ஷிப்டுக்கு ஒருமுறை அமுக்கித் தூசியைக் கொட்டுங்கள். கம்ப்ரசர் காற்றை அழுத்தமாக அடித்துச் சுத்தம் செய்தால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். வெளி ஃபில்டரை மட்டும் மாற்றுங்கள், உள் ஃபில்டரைக் கழற்றித் தட்டவே கூடாது. ரேடியேட்டரை ஃபேன் காற்று போகும் திசைக்கு எதிராக ஊதுங்கள்.

ஓசூர், சாலைப்பணி: பலூன் லைட் எப்படி?

தார் போடும் இடத்துக்கு அருமை, பலூன் உறைக்குள் விளக்கு எரிவதால் கண் கூசாது. 25 மீட்டர் தாண்டினால் பயனில்லை. பலத்த காற்றில் வேண்டாம்.

விருதுநகர், வாடகைக்கு எடுப்பவர்: வாடகைப் பேச்சுல எதைக் கேட்கணும்?

நாள் வாடகையா, மணிக் கணக்கா என்பது முதலில். மணிக் கணக்கு என்றால் மீட்டரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 250 மணி நேர சர்வீஸ் யார் பொறுப்பு, அதற்கு நிறுத்தும் இரவில் மாற்று டவர் வருமா என்பதை எழுதி வாங்குங்கள். டேங்க் மூடிக்குப் பூட்டு இருக்கிறதா, டீசலில் உள்ள நீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டரைத் தினமும் வடிக்கிற குமிழ் வேலை செய்கிறதா, அவசர ஸ்டாப் பட்டன் அமுக்கினால் இன்ஜின் நிற்கிறதா என்று வண்டி இறங்கும்போதே பாருங்கள். முதல் இரவு முழுதும் ஓட்டி, காலையில் டேங்க்கை மறுபடி நிரப்பி அளந்துவிடுங்கள். சொன்ன லிட்டருக்கு மேல் கால் பங்கு கூடுதலாகக் குடித்திருந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள்.