வண்டியை வதைக்காத ஓட்டுநர்: என் மோட்டார் பந்தய நாயகர்கள்

மோட்டார் பந்தய வரலாற்றில் உங்களுக்குப் பிடித்த நாயகர்கள் யார், ஏன் என்பது கேள்வி. எத்தனை வெற்றி, எத்தனை பட்டம் என்று கணக்குப் பார்த்தால் எல்லாருடைய பதிலும் ஒன்றாகத்தான் வரும். நான் பார்க்கிற கணக்கு வேறு. நான் வளர்ந்த இடத்தைச் சொன்னால்தான் அது விளங்கும்.

கிளிநொச்சிப் பக்கம், மாமாவின் கராஜில் பிளக் துடைத்து வளர்ந்தவன் நான். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் வன்னிக்குள் பெற்றோல் என்பது மருந்து போலச் சொட்டுக் கணக்கில்தான் இருந்தது. எம்.டி.90 மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சின்னப் போத்தலில் இருந்து கொஞ்சம் பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். பிளக் அடிக்கடி கரி பிடிக்கும். முறுக்கினால் எஞ்சின் இடிக்கும், முறுக்காவிட்டால் நின்றுவிடும். உதிரிப்பாகம் உடைந்தால் புதிது வராது, இருப்பதைத்தான் தேய்த்துப் பொருத்த வேண்டும். அதனால் எங்கள் ஊரில் நல்ல ஓட்டுநர் என்று பெயர் எடுத்தவர்கள் வேகமாக ஓடியவர்கள் கிடையாது. ஒரே செட் பிரேக் கட்டையை வருடக்கணக்கில் வைத்திருந்தவர்கள்தான். "மிசினை வதைக்காதை, அதுக்கும் உயிர் இருக்கு" என்று மாமா திட்டாத பொடியன் அந்தக் கராஜில் இல்லை.

பாதை திறந்து, இணையம் வந்து, பழைய பந்தயப் படச்சுருள்களைத் தேடித் தேடிப் பார்க்கத் தொடங்கியபோது, மாமா திட்டவே முடியாத ஒரு ஆளைக் கண்டேன். ஜிம் கிளார்க்.

1936இல் ஸ்கொட்லாந்தில் பிறந்தவர். ஆடு வளர்க்கும் பண்ணைக் குடும்பம். 1963, 1965 ஆகிய இரண்டு வருடமும் ஃபோர்முலா 1 உலகச் சாம்பியன். 72 பந்தயங்களில் 25 வெற்றி. இதெல்லாம் தேடினால் கிடைக்கிற தகவல்தான். என்னைப் பிடித்து இழுத்தது அவருடைய மெக்கானிக்குகள் சொன்ன விஷயம்: மற்றவர்களின் காரைவிட கிளார்க்கின் காரில் பிரேக்கும் டயரும் குறைவாகவே தேயுமாம். ஆனால் வேகத்தில் அவர்தான் முன்னுக்கு நிற்பார். இது எப்படிச் சாத்தியம் என்று கராஜில் வேலை செய்த எவனுக்கும் மண்டை குடையும்.

1963இல் பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயம். அப்போது அந்த ஓடுபாதை ஒரு சுற்றுக்கு 14 கிலோமீற்றர், ஊர்களுக்கும் மரங்களுக்கும் நடுவே போகிற சாதாரண வீதிதான். எட்டாவது இடத்தில் இருந்து கிளம்பினார். நடுவில் பெருமழை. போதாததற்கு மேல் கியர் நிற்காமல் கழன்று கழன்று விழுகிறது. ஒரு கையால் கியர்த் தண்டைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் திருப்பி ஓட்டி, இரண்டாவதாக வந்த புரூஸ் மக்லாரனைவிடக் கிட்டத்தட்ட ஐந்து நிமிடம் முந்தி வந்து சேர்ந்தார். இத்தனைக்கும் ஸ்பா அவருக்கு அறவே பிடிக்காத இடம். 1960இல் அதே பந்தயத்தில் இரண்டு ஓட்டுநர்கள் இறந்துபோனபோது அவரும் ஓடிக்கொண்டிருந்தார். பிடிக்காத அந்த இடத்தில் 1962 முதல் 1965 வரை நான்கு முறை தொடர்ந்து வென்றார்.

அடுத்த வருடம், 1964, அதே ஸ்பா. முன்னால் போன கார்களுக்குக் கடைசிச் சுற்றுகளில் ஒவ்வொன்றாக எரிபொருள் முடிகிறது, இல்லாவிட்டால் ஏதோ பழுதாகிறது. தான் முதலாவதாக வந்ததே தெரியாமல் கிளார்க் கோட்டைக் கடந்தார். அடுத்த சுற்றில் அவருடைய காரிலும் பெற்றோல் தீர்ந்து, வழியில் நின்றுவிட்டார். பெற்றோல் போத்தலைத் தூக்கிப்பிடித்து வெளிச்சத்தில் அளவு பார்த்துத் திரிந்த எங்களுக்கு இந்தக் கதையை யாரும் விளக்கத் தேவையில்லை.

என்னைக் கேட்டால் அவருடைய உச்சம் 1965இல் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் பந்தயம். பந்தயத்தின் பின்பகுதியில் ஒயில் அழுத்தம் விழத் தொடங்கியது. வளைவில் திரும்பும்போது ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கும், பம்புக்கு ஒயில் எட்டாது, பெயாரிங் போய்விடும். கிளார்க் என்ன செய்தார் தெரியுமா? வளைவு வரும்போது எஞ்சினை நிறுத்தினார். உருண்டு திரும்பி, நேர்ப்பாதை வந்ததும் மறுபடி எஞ்சினைப் போட்டார். பின்னால் கிரஹாம் ஹில் சுற்றுக்குச் சுற்று நெருங்கி வந்துகொண்டே இருந்தார். கடைசியில் கிளார்க் மூன்று வினாடி சொச்சத்தில் வென்றார். எஞ்சின் உடையவில்லை. மாமாவிடம் இதைச் சொன்னபோது நம்பவில்லை. நம்பிய பிறகு, "அவன் எங்கட கராஜில வேலை பழகியிருக்க வேணும்" என்றார். மாமா வாயால் இதைவிடப் பெரிய பட்டம் வராது.

அதே 1965இல் அமெரிக்கா போய் இண்டியானாபொலிஸ் 500ஐயும் வென்றார். 200 சுற்றில் 190 சுற்று அவர்தான் முன்னால். அதற்காக ஃபோர்முலா 1இன் மொனாக்கோ பந்தயத்தையே விட்டுவிட்டுப் போனார். இண்டியானாபொலிஸ் 500ஐயும் ஃபோர்முலா 1 உலகப் பட்டத்தையும் ஒரே வருடத்தில் வென்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு பதமாக ஓட்டிய மனிதருக்குக் கிடைத்தது அந்தக் காலத்தின் நொய்ந்த கார். அவருடைய காரைக் கட்டிய லோட்டஸ் நிறுவனத்தின் கொலின் சப்மன் எடையைக் குறைப்பதில் வெறி பிடித்தவர். ஃபோர்முலா 1 வாழ்க்கை முழுவதிலும் கிளார்க் இரண்டாவதாக வந்தது ஒரே ஒரு முறை. கார் ஓடினால் வென்றார், இல்லாவிட்டால் கார் நின்றது. 1968 ஏப்ரல் 7, ஜேர்மனியின் ஹொக்கன்ஹைம் ஓடுபாதையில் ஒரு ஃபோர்முலா 2 பந்தயம். பெரிய பந்தயம்கூட இல்லை. பின் டயர் காற்றுப்போனது காரணமாக இருக்கலாம் என்பார்கள். கார் பாதையை விட்டு விலகி மரத்தில் மோதியது. மரத்துக்கும் பாதைக்கும் நடுவே ஒரு தடுப்பும் இல்லை. அவருக்கு வயது 32. அவருடைய கல்லறைக் கல்லில் முதலில் விவசாயி என்றுதான் எழுதியிருக்கிறது. உலகச் சாம்பியன் என்பது அதற்குப் பிறகு. வயல் செய்கிற குடும்பத்தில் பிறந்தவன் என்பதாலோ என்னவோ, அந்த வரிசை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இரண்டாவது ஆள் ஜாக்கி ஸ்டூவர்ட். மூன்று முறை சாம்பியன், ஆனால் நான் மதிப்பது அதற்காக இல்லை. இவரும் ஸ்கொட்லாந்துக்காரர், கராஜில் வளர்ந்தவர், எழுத்து வாசிப்பு வராமல் பள்ளிக்கூடத்தில் அவமானப்பட்டவர். 1966இல் ஸ்பாவில் முதல் சுற்றிலேயே மழையில் சறுக்கி, நசுங்கிய காருக்குள் பெற்றோலில் நனைந்தபடி 25 நிமிடம் அளவு சிக்கிக் கிடந்தார். உதவிக்கு ஓடிவந்தவர்கள் மற்ற இரண்டு ஓட்டுநர்கள். ஸ்டியரிங்கைக் கழற்ற ஸ்பானர் இல்லை, பார்க்க வந்த ஒருவரிடம் இரவல் வாங்கினார்கள். போதாததற்கு அம்புலன்ஸும் வைத்தியசாலைக்கு வழி தெரியாமல் தவறிப்போனது. அதற்குப் பிறகு ஸ்டூவர்ட் எப்போதும் காருக்குள் ஒரு ஸ்பானரை ஒட்டி வைத்துக்கொண்டார். சீற் பெல்ட், தடுப்பு வேலி, பந்தயத்தில் வைத்தியர் என்று வாய் ஓயாமல் கேட்டார். பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்தார்கள். சாகாமல் ஓட்ட நினைப்பது கோழைத்தனம் என்று நினைத்த காலம் அது. எங்கள் ஊர் வழியே போகிற ஏ9 வீதியில் இரவு பஸ்களின் ஓட்டத்தைப் பார்க்கும்போது அந்தக் காலம் இன்னும் முடியவில்லை என்றுதான் தோன்றும்.

மூன்றாவது பெயர் பலருக்குத் தெரிந்திருக்காது: டேவிட் பேர்லி. ஒரு உலகப் பந்தயம்கூட வென்றதில்லை. 1973, நெதர்லாந்தின் சண்ட்வோர்ட். ரோஜர் வில்லியம்சன் என்ற இளைஞரின் கார் தலைகீழாகக் கவிழ்ந்து தீப்பிடித்தது. பேர்லி தன் காரை நிறுத்தி, பாதையைக் கடந்து ஓடி, எரிகிற காரைத் தனி ஆளாகப் புரட்டப் பார்த்தார். தீயணைப்பானைப் பிடுங்கி அடித்தார். பக்கத்தில் நின்ற பணியாளர்களிடம் தீ தாங்கும் உடை இல்லை. மற்ற ஓட்டுநர்கள், எரிவது பேர்லியின் கார்தான், ஆள் வெளியே வந்துவிட்டார் என்று நினைத்துக் கடந்துபோனார்கள். பந்தயம் நிற்கவில்லை. வில்லியம்சன் பிழைக்கவில்லை. அன்று வென்றவர் ஸ்டூவர்ட். கிளார்க்கின் 25 வெற்றிச் சாதனையை அவர் தாண்டியது அந்தப் பந்தயத்தில்தான். பேர்லிக்குப் பின்னர் பிரித்தானியா ஜோர்ஜ் பதக்கம் கொடுத்தது. அந்தப் படத்தை நான் ஒருமுறைக்கு மேல் பார்க்கவில்லை.

தமிழர் யாரும் இல்லையா என்று கேட்பீர்கள். கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டன் அணியில் ஓடி, ஃபோர்முலா 1 இல் ஓடிய முதல் இந்தியர் ஆனார். அந்த வருட இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் நான்காவதாக வந்தார். மிஷலின் நிறுவனத்தின் டயர் போட்ட அணிகள் எல்லாம் விலகி ஆறு கார்தான் ஓடியது, உண்மைதான். இருந்தாலும் அந்த ஐந்து புள்ளிக்கு எங்கள் பொடியள் போட்ட கூச்சல் கொஞ்சமில்லை. நாயகர் என்று சொல்வதைவிட, நம்மவர் என்ற பாசம் என்று வையுங்கள்.

பிரேசிலின் புகழ்பெற்ற ஓட்டுநர் சென்னா எங்கே என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: 1990இல் ஜப்பானின் சுசூக்கா ஓடுபாதையின் முதல் வளைவில் வேண்டுமென்றே தன் போட்டியாளர் புரோஸ்டின் காரில் மோதியதாக அவரே அடுத்த வருடம் ஒப்புக்கொண்டார். என் கணக்கில் அதற்கு மன்னிப்பு இல்லை. ஆனால் 1992இல், ஸ்பாவில், பயிற்சி ஓட்டத்தின்போது எரிக் கோமாஸ் என்ற ஓட்டுநர் மோதி மயங்கிக் கிடக்க, எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்க, சென்னா தன் காரை நிறுத்திவிட்டு ஓடிப்போய் அந்த எஞ்சினை நிறுத்தி, கோமாஸின் தலையைத் தாங்கிப் பிடித்தார். அதற்காக நான்காவது இடத்தில் பாதி தருகிறேன். மீதிப் பாதிக்கு உங்களிடம் ஆள் இருந்தால் சொல்லுங்கள்.