டிரிக்வே என்ற நார்வே ஆண் பெயர் எங்கிருந்து வந்தது? இப்போதும் வைக்கிறார்களா?

நார்வே பகுதியில் அந்தக் காலத்தில் பேசிய பழைய நார்ஸ் மொழியில் 'டிரிக்வி' என்றால் நம்பத்தக்கவன், நம்பி ஒன்றை ஒப்படைக்கலாம் என்கிற ஆள். இன்றைய நார்வே மொழியிலும் 'டிரிக்' என்றால் பாதுகாப்பான, பயமில்லாத என்றுதான் பொருள், அதனால் அங்கே யாருக்கும் இந்தப் பெயருக்கு அர்த்தம் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆயிரம் வருடத்துக்கு மேல் பழசு. சுமார் 995 முதல் 1000 வரை நார்வேயை ஆண்ட ஓலாஃப் டிரிக்வசோன் பெயரில் இருக்கிற 'டிரிக்வசோன்' என்பதற்கு டிரிக்வியின் மகன் என்று பொருள், அது குடும்பப் பெயர் இல்லை.

வெளி உலகத்துக்கு இதைக் கொண்டுபோனவர் 1946-இல் ஐ.நா.வின் முதல் பொதுச் செயலாளரான டிரிக்வே லீ. (அவருடைய 'லீ'யை Lie என்று எழுதுவார்கள், ஆங்கிலக்காரர் எழுத்துப்படி வாசித்தால் 'பொய்' என்று வரும், நம்பிக்கைக்குரிய பொய்! பாவம் மனிதர். நார்வே மொழியில் அது மலைச்சரிவு, அவ்வளவுதான்.) அப்புறம் நார்வே பிரதமராக இருந்த டிரிக்வே பிரத்தெலி, 1989-இல் பொருளாதார நோபல் வாங்கிய டிரிக்வே ஹாவெல்மோ.

இவர்கள் பிறந்த வருடங்களைப் பாருங்கள்: 1896, 1910, 1911. பெயர் நன்றாக ஓடிய காலம் அதுதான். இன்று நார்வேயில் இந்தப் பெயரைக் கேட்டால் முதலில் ஒரு தாத்தாதான் நினைவுக்கு வருவார், குழந்தைகளுக்கு வைப்பது அவ்வளவு அதிகமில்லை.

உச்சரிப்புதான் சிக்கல். உதட்டைக் குவித்துக்கொண்டு 'இ' சொல்லிப் பாருங்கள், இந்தப் பெயரில் வருகிற அந்த ஒலிக்குத் தமிழில் எழுத்தே இல்லை.