ஜிஐ தகட்டில் வெள்ளைப் பொடி: திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

வணக்கம். பட்டறைக் கூரைக்கு வாங்கிய ஜிஐ தகடுகளை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடுகளை, கட்டுப் பிரிக்காமல் தார்ப்பாயால் மூடி வைத்ததாகவும், மழை ஓய்ந்து பிரித்தபோது இடையிடையே வெள்ளைப் பொடி பூத்திருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். பதற வேண்டாம். அது இரும்பின் துரு அல்ல, மேலே பூசிய துத்தநாகத்தின் துரு.

துத்தநாகம் நனைந்து காற்றில் காய்ந்தால், கரியமில வாயுவோடு சேர்ந்து கெட்டியான காப்புப் படலத்தை உண்டாக்கிக்கொள்ளும். இரு தகடுகளுக்கு நடுவே சிக்கிய ஈரத்துக்குக் காற்று கிடைக்காது. படலம் உருவாகாமல் பொடிதான் பூக்கும். தார்ப்பாயை இறுக்கிக் கட்டியதே வினை.

இன்றே தகடுகளைத் தனித்தனியாகப் பிரித்து, நைலான் பிரஷால் தேய்த்துக் கழுவி, சாய்த்து நிறுத்திக் காயவையுங்கள். கம்பி பிரஷ் கூடவே கூடாது. மிச்சப் பூச்சையும் சுரண்டிவிடும். அடியில் வெறும் சாம்பல் நிறம் என்றால் தாராளமாகக் கூரையில் ஏற்றலாம். கறுத்த திட்டுகளுக்குத் துத்தநாகத் தூள் மிகுந்த பெயின்ட் அடியுங்கள். செந்துரு தெரியும் தகட்டை ஒதுக்கிவிடுங்கள்.

பூச்சின் எடை எவ்வளவு என்று பில்லில் பாருங்கள். 120 என்றால் இருபுறமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 120 கிராம். ஒரு பக்கத்துக்குப் பூச்சின் கனம் ஏறக்குறைய 8 மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). 275 என்றால் 19 மைக்ரான். கடையில் தகட்டின் கனத்தைப் பற்றியே பேசுவார்கள், இந்த எண்ணை நாமாகக் கேட்டால்தான் சொல்வார்கள். உங்களுடையது 120 என்றால், பொடி அதிகம் பூத்த தகடுகளை மழை படாத உட்தடுப்புகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இடத்தில் நனைந்த சரக்கைக் கடைக்காரர் திரும்ப வாங்குவது சந்தேகமே.