காபித் தோட்டத்தை இப்போதே விற்க வேண்டுமா?

கேள்வி: ஏற்காட்டில் 3 ஏக்கர் காபித் தோட்டம் வைத்திருக்கும் என் தந்தைக்கு வயது 67. சிறுநீரகக் கல்லுக்காகச் சேலத்தில் எடுத்த ஸ்கேனில், வயிற்றுப் பகுதி மகாதமனியில் (இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தத்தைக் கொண்டுசெல்லும் பெரிய குழாய்) 4.6 செ.மீ. வீக்கம் இருப்பது தெரியவந்தது. இப்போது அறுவை சிகிச்சை தேவையில்லை, 6 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்தால் போதும் என்கிறார் மருத்துவர். காப்பீடு இல்லை, அப்பா பெயரில் வங்கியில் 6 லட்சம் ரூபாய் வைப்பு இருக்கிறது. ஒரு ஏக்கரை விற்றுவிடலாமா?

பதில்: இப்போது விற்க வேண்டாம். ஆண்களுக்குப் பொதுவாக வீக்கம் 5.5 செ.மீ. அளவை எட்டும்போதோ, வேகமாக வளரும்போதோதான் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கிறார்கள். அந்த நாள் வரச் சில ஆண்டுகள் ஆகலாம், வராமலும் போகலாம். (அப்பா பீடி, சிகரெட் பிடிப்பவரானால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், புகை இந்த வீக்கத்தின் வளர்ச்சியைத் துரிதப்படுத்தும்.) ஆனால் பட்டா, வில்லங்கச் சான்று முதலியவற்றை இப்போதே சரிபார்த்து வையுங்கள், ஏனெனில் நிலம் நினைத்த வாரத்தில் பணமாகாது.

எனக்குக் கவலை தருவது அந்த வைப்புக் கணக்குதான். வீக்கம் திடீரென வெடித்தால் சில மணி நேரத்தில் முன்பணம் கட்ட வேண்டியிருக்கும். அப்போது அறுவை அரங்கில் இருப்பவர் கையெழுத்திட முடியாது. ஆகவே, உங்கள் பெயரையும் சேர்த்து, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கும் வகையில் அதை மாற்றி, ஒன்றை மட்டும் உடைக்க வசதியாக 2 லட்சம் வீதம் மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் இப்படி மாற்றினாலும், முதிர்வுக்கு முன் எடுக்க இருவர் கையெழுத்தையும் வங்கி கேட்கலாம், ஒருவர் கையெழுத்தே போதுமா என்பதை முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சிகிச்சையில் இரண்டு வகை உண்டு. வயிற்றைத் திறந்து செயற்கை இழைக் குழாயைத் தைப்பது ஒன்று. அதில் மருத்துவமனையில் தங்கும் நாட்கள் கூடும். தொடைப் பகுதி இரத்தக் குழாய் வழியாக ஸ்டென்ட் கிராஃப்ட் (உலோக வலைச் சட்டத்தில் அமைந்த செயற்கை இழைக் குழாய்) பொருத்துவது மற்றொன்று. விரைவில் வீடு திரும்பலாம், ஆனால் அந்தக் கருவியே விலை மிக்கது, அதன் பிறகும் ஆயுள் முழுவதும் ஸ்கேன் தொடரும், சிலருக்கு மறுசிகிச்சையும் தேவைப்படும். எல்லோருடைய தமனி அமைப்புக்கும் இது பொருந்தாது என்பதால், இரண்டுக்குமே எழுத்துப்பூர்வமான மதிப்பீடு வாங்குங்கள்.

அப்பாவுக்குப் புதிய மருத்துவக் காப்பீட்டு பாலிசி கிடைத்தால் எடுக்கலாம், ஆனால் இந்த வீக்கத்தைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். முன்பே உள்ள நோய்க்கு 36 மாதம் வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் பற்றி சேலம் ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். இந்த அறுவை சிகிச்சை எந்த மருத்துவமனையில் அதன்கீழ் வரும் என்பதையும் சேர்த்தே கேளுங்கள். பெற்றோருக்கு இந்த வீக்கம் இருந்தால் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், நீங்களும் மருத்துவரைக் கலந்தாலோசித்து, உங்களுக்கென ஒரு பாலிசியைத் தாமதிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.