அகச்சிவப்பு வாயு அளவி: இந்த முறை வந்த கேள்விகள்

கார்பன் டை ஆக்சைடு பார்க்கும் சென்சாரில் ஃபில்டரை மட்டும் மாற்றி ஆக்சிஜன் அளக்கலாமா?

முடியாது. வாயு எவ்வளவு அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது என்று பார்த்துத்தான் இந்தக் கருவி அளக்கும். ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன் எல்லாம் ஒரே அணு இரண்டு சேர்ந்தவை, அகச்சிவப்பைச் சட்டை செய்யாமல் விட்டுவிடும். நைட்ரஜனை ஜீரோ வாயுவாக, அதாவது கருவியின் பூஜ்ஜியத்தை நிறுத்தும் வாயுவாக, வைத்துக்கொள்வதும் அதனால்தான்.

என் கருவி தப்பாகக் காட்டுகிறது, என்ன செய்ய?

எந்த வாயு, என்ன ரேஞ்ச், தப்பு என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? ஒன்றும் எழுதாமல் கேட்டால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். மூச்சை ஊதிச் சோதித்திருந்தால் அதையும் எழுதுங்கள். மூச்சில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 40,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) இருக்கும், 5,000 ரேஞ்ச் சென்சார் உச்சத்தில் போய் நிற்கும், கூடவே ஈரமும் உள்ளே போகும். ஊதாதீர்கள்.

மூடிய காளான் அறையில் கார்பன் டை ஆக்சைடு முதலில் 1,100 பிபிஎம் காட்டியது, மூன்று வாரத்தில் 500 ஆகிவிட்டது. காற்றோட்டத்தில் எதையும் மாற்றவில்லை. சென்சார் போய்விட்டதா?

சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது, அதற்குள் இருக்கும் தானியங்கி அடிக்கோட்டுத் திருத்தம்தான் உங்களை ஏமாற்றுகிறது. ஒரு வாரம், பத்து நாளில் தான் பார்த்த மிகக் குறைந்த அளவை ‘இதுதான் வெளிக்காற்று, 400’ என்று அது எடுத்துக்கொள்ளும். ராத்திரி ஆள் இல்லாமல் காலியாகும் அலுவலகத்தில் இது சரி. காளான் ராப்பகலாக மூச்சு விடுகிறதே, உங்கள் அறை என்றைக்கு 400-க்கு இறங்கியது? இறங்காத அறையில் 1,000 கொஞ்சம் கொஞ்சமாக 400 ஆகிவிடும், திரையைப் பார்த்துவிட்டு நீங்களும் நிம்மதியாகக் கதவைச் சாத்திவிட்டுப் போவீர்கள். இந்த வசதியை ஆன் செய்தே விற்கிறார்கள், அணைக்கும் வழி கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கும். எனக்கும் ஒரு முறை இப்படி வந்து, நல்ல சென்சாரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதை மாட்டினேன், அதுவும் அதே போல இறங்கிய பிறகுதான் புத்தி வந்தது. அந்த 400-ம் பழைய கணக்கு. 1958-ல் ஹவாயின் மௌனா லோவா மலையில் விஞ்ஞானி கீலிங் வெளிக்காற்றை இதே அகச்சிவப்பு முறையில் அளக்கத் தொடங்கியபோது சுமார் 315, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. திருத்தத்தை அணையுங்கள், நைட்ரஜனில் ஜீரோவும் தெரிந்த அளவுள்ள சிலிண்டரில் ஸ்பானும் (மேல் அளவு சரியா என்று) பாருங்கள். சிலிண்டரில் உள்ள தேதியையும் பாருங்கள்.

கார்பன் டை ஆக்சைடு உறிஞ்சும் 4.26 மைக்ரான் அலைநீளம்தான் வேலை செய்கிறது என்றால் 3.9-ல் இன்னொரு டிடெக்டர் எதற்கு?

அந்த இடத்தில் வழக்கமான வாயுக்கள் எதுவும் ஒளியை உறிஞ்சாது. விளக்கு மங்கினாலும் கண்ணாடியில் தூசி படிந்தாலும் இரண்டு சிக்னலும் சேர்ந்தே குறையும், விகிதம் பெரிதாக மாறாது.

செறிவு இரட்டித்தால் உறிஞ்சலும் இரட்டிக்குமா?

குறைந்த செறிவில் ஏறக்குறைய ஆம். மேலே போகப் போக வளையும், ஏனென்றால் ஃபில்டர் ஒரு பட்டையையே விடுகிறது, அதில் வலுவான கோடுகள் (வாயு அதிகம் உறிஞ்சும் அலைநீளங்கள்) முதலில் நிரம்பிவிடும். செறிவையும் உறிஞ்சலையும் இணைக்கும் பீர்-லாம்பர்ட் சமன்பாட்டை மட்டும் நம்பாமல் நான்கைந்து செறிவுகளில் வளைகோடு போடுங்கள். ஊதி எடுத்த புள்ளி அதில் சேராது.

1,500 மீட்டர் உயரத்தில் 1,000 பிபிஎம் சிலிண்டருக்கு 850 காட்டுகிறது.

சரியாகத்தான் காட்டுகிறது. ஒளிப்பாதையில் எத்தனை மூலக்கூறு என்றுதான் அது எண்ணும், அங்கே அழுத்தம் சுமார் 15 சதவீதம் குறைவு. அழுத்தத் திருத்தம் போடுங்கள்.

புகைபோக்கி மாதிரியில் கார்பன் மோனாக்சைடு கூடுதலாக வருகிறது.

நீராவி. 4.6 மைக்ரான் பக்கம் அதற்கும் கோடுகள் உண்டு. வாயுவை அளக்கும் செல்லுக்கு முன்னால் குளிர்விப்பான் வைத்து நீரை வடித்துவிட்டு அளந்து பாருங்கள், அப்புறம் எழுதுங்கள்.